சுவரில் இருந்த சின்னக் கதவு

சான் டியேகோவில் ஒரு குளியலறை அளவு இடம்கூட வாங்க வக்கில்லாத ரஸ்ஸல் பெனடெட்டி, ஒஹாயோவின் டொலீடோ நகரத்தில் நான்கு குடித்தனம் உள்ள ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரன். இரண்டுக்கும் நடுவே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். வீட்டை அவன் நேரில் பார்த்ததே இல்லை. வீடியோவில் பார்த்தான், பள்ளியில் விளையாட்டு வாத்தியாராகப் பதினைந்து வருடம் சேர்த்ததை மொத்தமாகக் கொட்டினான். நேரில் போய்ப் பார்ப்பதெல்லாம் அந்தக் காலம் என்று நண்பர்களிடம் ஜம்பம் வேறு.

அந்த ஜனவரிச் செவ்வாய் காலை பத்து மணிக்கு அவன் அரைக்கால் சட்டையோடு மைதானத்தில் நின்று பிள்ளைகளுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் போன் துடித்தது. கீழ்த்தளத்தில் காலியாகக் கிடக்கும் குடித்தனத்தின் தரையில் தண்ணீர் இருப்பதாக அங்கே பொருத்தியிருந்த சென்சார் அனுப்பிய எச்சரிக்கை. அறையின் வெப்பம் உறைநிலைக்கு நான்கு டிகிரி கீழே.

ஆளில்லாத வீட்டுக்கு எதற்குச் சூடு என்று போன வாரம் இதே போனிலிருந்து ஹீட்டரை அணைத்தவன் அவன்தான். டொலீடோவில் பிறந்த எவனும் இந்தக் காரியத்தைச் செய்ய மாட்டான். ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும் ஊரில் வளர்ந்தவனுக்கு, குளிரில் தண்ணீர் உறைந்து இரும்புக் குழாயையே பிளக்கும் என்று யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

வீட்டை மேற்பார்க்கும் டுவேனை அழைத்தான். ஆறு தடவை அழைத்தும் எடுக்கவில்லை. அன்றைக்கு டுவேன் பார்த்துக்கொள்ளும் நாற்பது வீடுகளிலும் இதே கூத்துதான் போலிருக்கிறது. நகரத் தண்ணீர் அலுவலகத்தில் கேட்டால், தெருவில் வந்து அடைக்க மூன்று மணி நேரமாகும் என்றார்கள். மூன்று மணி நேரத்தில் தண்ணீர் சுவருக்குள் ஏறி, பக்கத்துக் குடித்தனத்துக்கும் பரவி, வீடே மனிதர் வாழ லாயக்கற்றதாகிவிடும். பதினைந்து வருட உழைப்பு தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

மற்ற குடித்தனக்காரர்களின் எண்கள் டுவேனிடம்தான். மிச்சமிருந்தது ஒரே ஆள். மேல்தளத்தில் பதினோரு வருடமாகக் குடியிருக்கும் டெல்ஃபின் ஹாலிஸ். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஐம்பத்தெட்டு வயது. அவள் எண்ணைத் தேடிப் பழைய ஒப்பந்தத்தைத் திறந்தபோது, கூடவே டிசம்பரில் அவன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதமும் கண்ணில் பட்டது. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதாக இல்லை, பிப்ரவரி முடிவில் காலி செய்யவும். இடத்தைப் புதுப்பித்து வேறு ஆளை வைக்கலாம் என்று போட்ட கணக்கு. ஒரு தடவைகூடப் பேசியிராத மனுஷிக்கு அனுப்பியது அது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு எண்ணைத் தட்டினான்.

குளிருக்காக அங்கே பள்ளிகளுக்கு விடுமுறை, அதனால் அவள் வீட்டில் இருந்தாள். பெயரைச் சொன்னான். "ஓ, லெட்டர் போட்ட மிஸ்டரா," என்றாள்.

அவன் உளறிக்கொட்டியதை முழுக்கக் கேட்டாள். பூட்டின் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு போனோடு படியிறங்கினாள். கதவு திறக்கும் சத்தம், பிறகு சளக் சளக்கென்று பூட்ஸ். தண்ணீர் சீறுவது அவன் காதுக்கே கேட்டது. கரண்டை நிறுத்தச் சொல்ல வாயெடுத்தான். உள்ளே கால் வைக்கும் முன்பே நிறுத்திவிட்டதாகச் சொன்னாள்.

"வீட்டுக்கு மொத்தத் தண்ணியையும் அடைக்கிற வால்வு இந்த அடுப்படிச் சுவத்துக்குள்ளதான். பழைய ஓனர் வருஷா வருஷம் குளிருக்கு முன்னாடி எனக்குக் காட்டுவாரு. இங்க ஒரு சின்னக் கதவு இருக்குமே, எங்க அது?"

ரஸ்ஸலுக்கு அந்தக் கதவு நினைவுக்கு வந்தது. போன கோடையில் டுவேன் ஒரு படம் அனுப்பி, இதை என்ன செய்ய என்று கேட்டிருந்தான். சுவரில் ஒரு அசிங்கமான மரக்கதவு, பெயிண்ட் உரிந்தது. இவன் பிள்ளைகளின் ஓட்டப் பந்தயத்துக்கு நடுவே கட்டை விரலால் பதில் தட்டினான்: மூடி டைல்ஸ் ஒட்டிடு.

"நான்தான் மூடச் சொன்னேன்," என்றான்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. "சுத்தியல் எங்கிட்ட இருக்கு. எங்க அடிக்கணும்னு சொல்லு. சீக்கிரம். கால் மரத்துப்போச்சு."

அவன் போனில் இருந்த நானூறு படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பந்தைக் கேட்டுக் கத்தின பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டினான். கடைசியில் கிடைத்தது. ஜன்னல் ஓரத்திலிருந்து இரண்டு கை அகலம் தள்ளி, மேடைக்கு ஒரு சாண் மேலே.

முதல் அடியில் சுவருக்குள் இருந்த மரச்சட்டம்தான் தட்டுப்பட்டது. இன்னும் இடது பக்கம் என்றான். சில்லுகள் தண்ணீரில் விழுந்தன. அவன் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வெள்ளை டைல்ஸ் அது. உடையட்டும், எல்லாம் உடையட்டும் என்று வாய்விட்டே சொன்னான்.

"வால்வு தெரியுது. இறுகிக் கெடக்கு."

அவள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். சீறல் குறைந்தது, சொட்டானது, நின்றது.

ரஸ்ஸல் புல்லில் உட்கார்ந்துவிட்டான். நன்றி என்று எத்தனை தடவை சொன்னானோ அவனுக்கே தெரியாது. மேலே போய்க் காலைச் சூடு பண்ணச் சொன்னான். பிறகு முக்கியமானதைச் சொன்னான்.

"அந்த லெட்டரைக் கிழிச்சுப் போட்டுடுங்க, மிஸ் ஹாலிஸ். நீங்க எவ்வளவு காலம் வேணும்னாலும் இருங்க. அதே வாடகைக்கு. நான் எழுதியே தர்றேன்."

"சனிக்கிழமை சாமான் ஏத்த லாரி வருது," என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. "தங்கச்சி வீட்டுப் பக்கத்துல இடம் பாத்து, சாவியும் வாங்கியாச்சு. போன மாசம் இதே மாதிரி ஒரு போன் பண்ணியிருந்தா நான் எங்கேயும் போயிருக்க மாட்டேன்."

அவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பல் கிட்டுகிறது, மேலே போகிறேன் என்றாள்.

"இந்த ஓட்டையைத் திரும்ப மூடிடாதே, மிஸ்டர். அடுத்து வர்றவங்களுக்கு வால்வு இருக்கற இடத்தைக் காட்டணும். யாரு காட்டுவாங்க?"

அவள் போனை வைத்த பிறகும் அவன் அந்தக் கேள்விக்கு ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தான். போனை எடுக்காத டுவேனைத் தவிர, டொலீடோவில் அவனுக்குத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.