பேலட் காளான்

வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற, சரக்கு அடுக்கும் பைன் மரப் பலகைப் பேலட்டெல்லாம், என் வீட்டுக்காரர் தம்புசாமி கிள்ளான் ஸ்டோரில் போர்க்லிப்ட் ஓட்டிய காலத்தில் கொண்டுவந்து போட்டவை. மேலே பூச்சட்டி வைக்கப் போகிறேன் என்றார். வைத்தாரா? மழையில் ஊறி மக்கிப்போய், இப்போது சட்டைப் பொத்தான் அளவுக்குப் பழுப்புக் காளான் முளைத்துக் கிடக்கிறது. அதை அள்ளிப்போட இங்கே யாருக்குத் தெம்பு இருக்கிறது?

ஹோட்டல் லாண்ட்ரியில் நாளெல்லாம் ஈரத்துணி தூக்கிவிட்டு வருவேன். ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன மனுஷனைக் குளிப்பாட்டி, சோறூட்ட உட்கார்ந்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். இப்படியே போனால் ஆள் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கெஞ்சினேன், திட்டினேன், அழுதும் பார்த்தேன். ஆள் அசையவில்லை.

அப்படிப்பட்டவர் போன ஞாயிற்றுக்கிழமை பின்வாசலைக் காட்டி, "புனிதா, அந்தக் காளானைச் சமைச்சுக் குடு" என்றார்.

"ஐயோ, அது திங்கிற காளான் இல்லலா. தின்னா நேரா மேலதான் போவீங்க."

"பரவால்ல. சமைச்சுக் குடு."

வாய் திறந்து ஒன்று கேட்டுவிட்டாரே! எனக்கு அது போதும். வாதாடவும் முடியவில்லை. "சரி" என்றேன். பாசாருக்குப் போய் நல்ல காளானாக வாங்கி, அவர் கண்ணில் படாமல் அரிந்து, மிளகைத் தூக்கலாகப் போட்டுப் பிரட்டினேன்.

ஊட்ட ஊட்டத் தின்றார். தட்டு காலி. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வாயைத் துடைத்துவிட்டபோது, நன்றாக இருக்கிற கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுவிடு. அப்புறம் நீ உள்ள போய்ப் படுத்துக்க. பக்கத்துல இருந்து பாக்க வேணாம்."

"என்னத்தப் பாக்க வேணாம்?"

"நீ முடியாதுன்னு சொல்லுவன்னு நெனச்சேன். சரின்னுட்ட. உன்னை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன் புனிதா."

புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கத்திவிட்டேன். "அடப் பாவி மனுஷா! அது பாசார்ல வாங்குன காளான்யா! நான் உனக்கு வெஷம் வைப்பேன்னா நெனச்ச?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ ரொம்பக் களைச்சுப் போயிட்டலா. அதான்…"

கையில் இருந்த துணியை வீசி எறிந்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே குனிந்து அந்தத் துணியை எடுத்தேன். நல்ல சோற்றுக்குத் திறக்காத வாயை, விஷம் என்று நம்பி எனக்காகத் திறந்திருக்கிறார். அப்படியென்றால், இத்தனை நாள் நான் என்ன முகத்தோடு அவருக்கு ஊட்டியிருக்கிறேன்?