விதானையாரின் திறப்பு விழா

என்னிடம் ஓர் எழுத்துரு இருக்கிறது. நிமிர்ந்த கோடுகள் தூண் தடிப்பு, குறுக்குக் கோடுகள் தலைமயிர் மெல்லிசு, முனைகளில் ஊசிபோலச் சின்னக் கால்கள். வெளிநாட்டு ஃபேஷன் சஞ்சிகைகளின் அட்டையில் கண்டு மயங்கி, அதே சாயலில் தமிழும் தேடிப் பிடித்தேன். அன்றிலிருந்து கல்முனையில் அபாயாக் கடை, கேக் பெட்டி, கணித வகுப்பு எல்லாவற்றுக்கும் அதுதான். மாட்டிறைச்சிக் கடைக்குக்கூட அதில் போர்டு செய்து கொடுத்தேன். ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

ஒருநாள் காலை, பக்கத்துத் தெரு சுல்பிகா போன் எடுத்தாள்.

“றஸ்மி காக்கா, வாப்பா மௌத்தாயிட்டார். பள்ளிவாசல் ஸ்பீக்கரும் பழுதாம். வட்ஸ்அப்புக்கு வடிவா ஒரு அறிவித்தல் செஞ்சி போடுங்க. சந்தூக்குப் பெட்டி தூக்கவும் ஆளில்லாமப் போயிருமோ எண்டு பயமா இரிக்கி.”

இறந்த வீட்டுக்கு ஆள் வராது என்ற பயத்தில் நியாயம் இருந்தது. அவளுடைய வாப்பா மீராமுகைதீன் வட்டவிதானையாக இருந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டவர். ஊரில் பாதிப்பேரோடு தண்ணீருக்காகச் சண்டை. மீதிப்பேரோடு காரணமே இல்லாமல். விதானை என்றால்தான் எவருக்கும் தெரியும். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

கறுப்புப் பின்னணியில் பொன்னிறத்தில் வடித்தேன். மீராமுகைதீன் என்ற சொந்தப் பெயர் பெரிதாக. ‘இன்று அஸருக்குப் பின், பெரிய பள்ளியடியில்’ தடிப்பாக. மரணத்தைச் சொல்லும் ‘ஜனாஸா அறிவித்தல்’ மட்டும் மிக மெல்லிசாக. துக்கம் அடக்கமாக இருக்கட்டுமே என்று. கணினியில் பார்க்க எனக்கே கண் கலங்கியது. துக்கத்தால் அல்ல, அழகால்.

வட்ஸ்அப் படத்தைச் சுருக்கியதில் மெல்லிய கோடுகளெல்லாம் கறுப்பில் கரைந்துபோயின. ஜனாஸாவும் அவற்றோடு போயிற்று.

“மாஷா அல்லாஹ், அத்தர்க் கடையா?” என்று எழுதினான் நண்பன் இன்பாஸ்.

“திறப்பு விழாக்கு டிஸ்கவுண்ட் இரிக்கா?” இது அவன் மனைவி ஹிமாயா.

‘வாறம்’, ‘கட்டாயம் வாறம்’ என்று வரிசையாக வந்து விழுந்தன. பதறிப்போய்த் திருத்தம் எழுதினேன். அனுப்பப் போகையில் சுல்பிகாவின் ‘ஆளில்லாமப் போயிருமோ’ காதில் கேட்டது. எழுதியதை அழித்தேன். அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனைப் பையில் போட்டேன்.

பிற்பகல் அஸர்த் தொழுகைக்குப் பள்ளி கொள்ளாத சனம். ஸ்திரி மடிப்புக் கலையாத சேட்டுகள். ஓட்டோக்களில் பெண்கள் வெறும் பைகளோடு காத்திருந்தார்கள். சந்தூக்கு வந்து இறங்கியது.

“யார்ர மையத்துடா?” இன்பாஸ் என் கையைக் கிள்ளினான்.

“கடைக்காரர்ர.”

மையத்தைக் கண்டபின் திரும்பிப் போக எவருக்கும் முகமில்லை. விதானையாரோடு பேச்சை நிறுத்தியிருந்த அப்துல் ஸமட் ஹாஜியாரும் தொழுதுவிட்டு முன்னால் தோள் கொடுத்தார்.

மையவாடியில் அடக்கிவிட்டுத் திரும்பும்போது சுல்பிகா மறுபடி போன் எடுத்தாள். “இவ்வளவு சனமா காக்கா! எல்லாரும் வாப்பாவ மன்னிச்சிட்டாங்க.” விம்மினாள்.

“ஓம் புள்ள,” என்றேன்.

ஹாஜியார் என் தோளைத் தட்டினார். “நான் அத்தர் வாங்க வந்தவன் தம்பி. என்ர மௌத்துக்கும் அந்த எழுத்திலயே ஒண்டு செஞ்சி வை.”

“கோட்டத் தடிப்பாக்கிச் செய்றன் ஹாஜியார்.”

“வேணா. மெல்லிசாவே இரிக்கட்டும். விளங்கினா ஒருத்தனும் வரமாட்டான்.”