இருபத்திரண்டு பேருடைய பாஸ்வேர்ட்

எங்கள் கம்ப்யூட்டர் கழகத்தில் இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டு பேருடைய பாஸ்வேர்டும் என் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. இதைக் கேட்டால் இப்போது ஆளாளுக்குச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான்கு வருஷமாக ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடி. சனிக்கிழமை மூன்று மணிக்கு அங்கே ஐந்து பழைய கம்ப்யூட்டர்களைத் தட்டி எழுப்பி உட்காருவோம். ஆரம்பித்தவள் நான், நவமணி. தோட்டத்து ஆபீசில் முப்பது வருஷம் கிராணியாகக் கணக்கு எழுதியவள். வருகிறவர்கள் எல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள். ரப்பர் மரம் சீவியவர்கள், பேக்டரியில் நின்றவர்கள். இந்தக் காலத்தில் கிளினிக்கில் தேதி எடுக்கவும் பாஸ்வேர்ட், பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் பாஸ்வேர்ட். இவர்களோ வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுவார்கள். அதனால் நானே போட்டுக் கொடுத்து, நானே எழுதியும் வைத்தேன்.

கிளினிக் வாசலில் நின்றுகொண்டு பிச்சை அண்ணன் போன் போடுவார். "நவமணி, என்னோடது என்னாம்மா?" நான் பக்கத்தைப் புரட்டிச் சொல்லுவேன். அப்படி யாராவது கூப்பிட்டால் அன்றைக்கு எனக்குக் கறி மீன் இல்லாமலே சோறு இறங்கும்.

பிப்ரவரியில் சுகந்தினி வந்து சேர்ந்தாள். டவுன் பக்கம் பாக்கார் ஆராங்கிலிருந்து வெள்ளைக் காடியை ஓட்டிக்கொண்டு வருவாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்க இலாகாவில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்து ஓய்வு பெற்றவள். மேல்மாடி வெக்கையில் எங்களுக்கெல்லாம் முதுகு நனையும், அவளுக்கு மட்டும் சேலை மடிப்புக்கூடக் கலையாது. முதல் நாளே என் நோட்டைப் பார்த்துவிட்டாள்.

"இதென்ன அக்கா?"

சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"ஐயோ, இது உங்களுக்குத்தான் ஆபத்து அக்கா. நாளைக்கு ஆருக்கும் ஏதும் நடந்தா உங்களைத்தானே கேப்பினம்?"

அடுத்த வாரமே பாடம் தொடங்கியது. தனக்கு மட்டும் தெரிந்த ஒரு வாக்கியத்தை ஒவ்வொருவரும் வைத்துக்கொள்ள வேண்டுமாம். எங்கேயும் எழுதக்கூடாதாம். யாரிடமும் சொல்லக்கூடாதாம். ஒரே மாதத்தில் என் போன் ஊமையாகிவிட்டது. ஒரு நாள் பிச்சை அண்ணன் கூப்பிட்டார். ஆசையாக நோட்டை எடுத்தேன். "நவமணி, நானே தொறந்துட்டேன் லா!" என்றார். "சந்தோஷம்ணே" என்றேன். பச்சைப் பொய். எனக்கு வயிறு எரிந்தது.

போதாததற்குப் பாப்பம்மா வேறு. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள், சுகந்தினி எது கேட்டாலும் அவளைப் போலவே "ஓம் டீச்சர்" என்கிறாள். மவுசைப் பிடிக்கவே ஆறு வாரம் கற்றுக்கொண்டவள் அவள். அந்த ஆறு வாரமும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். என்னை ஒரு நாளாவது டீச்சர் என்று கூப்பிட்டிருப்பாளா?

நோட்டில் பெயர் பெயராக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் பிரிஜெட் ஒருத்திதான் மிஞ்சினாள். தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவள் புருஷன் ரோனால்ட் செத்தபோது மாதாகோவிலில் அவளைத் தாங்கிப் பிடித்து நின்றவள் நான். யார் போனாலும் இவள் போக மாட்டாள் என்று இருந்தேன். போன சனிக்கிழமை பார்த்தால், சுகந்தினி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். வீட்டுக்குத் திரும்பும்போது என்னிடம் பேசியது மழையைப் பற்றி மட்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பிரிஜெட்டுக்கு வந்த மெயிலைப் படிக்க அல்ல, சத்தியமாக. நான் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்ட் இன்னும் திறக்கிறதா என்று மட்டும் பார்க்க. திறக்கவில்லை. இவளுமா என்று ஆகிவிட்டது. அவள் மகள் கேரன் பெயரைப் போட்டேன். ரோனால்ட் இறந்த தேதியைப் போட்டேன். மாதாகோவில் திருநாளைப் போட்டேன். கோபத்தில் விரல் ஓயவில்லை. கடைசியில் கணக்கே பூட்டிக்கொண்டது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை பிரிஜெட் வீங்கிய கண்ணோடு வந்தாள்.

"மெல்பர்ன்ல கேரனுக்குப் புள்ள பொறந்திருச்சு. போட்டோ எல்லாம் மெயில்ல போட்டிருக்காளாம். ரெண்டு நாளா தொறக்க முடியல லா. எவனோ உள்ள பூரப் பாத்திருக்கான்."

அவளிடம் இருப்பது பழைய பட்டன் போன். படம் பார்க்க அந்த மெயிலை விட்டால் வேறு வழி இல்லை.

சுகந்தினி உட்கார்ந்தாள். பட்டன் போனுக்கு வந்த எண்ணைத் தட்டி, பத்து நிமிஷத்தில் பூட்டை எடுத்துவிட்டாள். பிறகு, "ஆர் முயற்சி பண்ணினது எண்டு பாப்பம்" என்று இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். வியாழன், மத்தியானம் ஒன்று நாற்பது. கெடா. விண்டோஸ் ஏழு. அந்தக் கிழட்டு விண்டோஸை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறவள் கழகத்திலேயே நான் ஒருத்திதான். மாற்றுங்கோ மாற்றுங்கோ என்று இரண்டு மாதமாகச் சொல்லிவருகிறாள் இவள்.

சுகந்தினி என்னை ஒரு தடவை பார்த்தாள். சட்டென்று எல்லாவற்றையும் மூடி, கணக்கிலிருந்தும் வெளியே வந்துவிட்டாள்.

"எங்கையோ இருக்கிற கள்ளர் அக்கா. பயப்பிடாதேங்கோ" என்றாள் பிரிஜெட்டிடம்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றைக்குத் தப்பியிருப்பேன். ஆனால் சுகந்தினி பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. பிச்சை அண்ணனை எடுத்துக்கொண்டாள், பாப்பம்மாவை எடுத்துக்கொண்டாள். என் மானத்தையும் அவள் கையில் கொடுத்துவிட்டு, சாகும்வரை நன்றி சொல்ல வேண்டுமா?

"கள்ளனும் இல்ல, ஒருத்தனும் இல்ல. நான்தான்" என்றேன்.

பிரிஜெட் திரும்பிப் பார்த்தாள். நான் விடவில்லை.

"நீ பாஸ்வேர்ட மாத்துனத எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இவகிட்ட மட்டும் சொல்லியிருக்க!"

"இவளுக்கும் தெரியாது நவமணி" என்றாள் பிரிஜெட். "யாருக்கும் தெரியாது."

அவள் சத்தம் போடவே இல்லை. நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பிச்சை அண்ணன், பாப்பம்மா, சுகந்தினி எல்லோரும் பிள்ளையைப் பார்க்க அவளைச் சுற்றி நின்றார்கள். மறுபடியும் பாஸ்வேர்ட் போட வேண்டியிருந்தது. கீபோர்டில் கை வைத்தவள் நிறுத்தினாள்.

"நவமணி, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

மற்ற யாரையும் அவள் திரும்பச் சொல்லவில்லை. நான் சுவர்ப்பக்கம் திரும்பினேன். ஒற்றை விரலால் அவள் தட்டுவது கேட்டது. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். பதினாறு எழுத்து. அப்புறம் "அய்யோ, செல்லம்!" என்று பாப்பம்மா கத்தினாள். மூக்கு யார் மாதிரி, நெற்றி யார் மாதிரி என்று எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

திரும்பலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.