கதவு நேரம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தத் திங்கட்கிழமை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் என் அண்ணனைப் பார்த்து, "கொஞ்சம் லேட்டா வந்துட்டீங்க. ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு பாதிப்பு ஆகியிருக்காது" என்று சொன்னபோது எனக்கு வந்தது வேறு கோபம். அண்ணன் படுத்தபடியே கைகூப்பினார்.

"மன்னிச்சிருங்க டாக்டர். என் தப்புதான்."

மாரடைப்பு வந்தவர் மன்னிப்புக் கேட்கிறார்! கால்மாட்டில் நின்ற அண்ணி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தப்பு தன்னுடையது என்று சனிக்கிழமையிலிருந்து அவர் தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். இரண்டு பேரும் சொல்வது பொய். எது உண்மை என்று அந்த வார்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் கேத் லேபில் டெக்னீஷியன். டாக்டர் மணிக்கட்டு வழியாக ஒரு மெல்லிய கம்பியை இதயம் வரைக்கும் கொண்டுபோய், அடைத்த இடத்தில் பலூனை விரித்து, பிறகு ஸ்டென்ட் என்கிற வலைக்குழாயை வைத்துவிட்டு வருவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து திரையைப் பார்ப்பதும், ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு நடந்தது என்று பதிவு செய்வதும் என் வேலை. அடைப்பு திறக்கும் வரை இதயத் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டிருக்கும். அதனால் நோயாளி எங்கள் வாசலுக்குள் கால் வைப்பது கதவு நேரம், பலூன் விரிவது பலூன் நேரம், இரண்டுக்கும் நடுவில் தொண்ணூறு நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கைப் பார்க்க ஒரு மேனேஜர் இருக்கிறார். காலை வணக்கத்துக்குப் பதிலாகவே அந்த எண்ணைத்தான் சொல்வார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'தொண்ணூறு'.

நாலு வருஷத்துக்கு முன்பு வரை கதவு நேரத்தை டோக்கன் சீட்டிலிருந்துதான் எடுத்தோம். சீட்டு தொலையும், எழுத்து மங்கும், ஒருநாள் விடாமல் சண்டை. நான்தான் யோசனை சொன்னேன். "ஈசிஜி தாள்ல மெஷினே நேரம் அடிக்குதே சார். அதையே கதவு நேரமா வச்சுக்கலாம். ஒரே கடிகாரம், தகராறே இல்ல." தொண்ணூறுக்கு வாயெல்லாம் பல். மறுநாளே சுற்றறிக்கை வந்தது. கெட்டிக்காரி என்று எனக்குப் பெயரும் வந்தது.

அதுவரை டோக்கன் வாங்கியவரை எட்டு, பத்து நிமிஷத்தில் ஈசிஜி அறைக்கு இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். அதற்குப் பிறகு ஓடவில்லை. யாரும் கூடிப் பேசி நிறுத்தவில்லை, எந்தக் கணக்கிலும் வராத நேரத்துக்கு யார் ஓடுவார்கள்? எட்டு பதினைந்தானது, பதினைந்து முப்பதானது. எங்கள் நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள், எங்கள் புத்தகத்தின்படி இன்னும் ஆஸ்பத்திரிக்கே வரவில்லை. இது எனக்கு ஒரு வருஷமாகத் தெரியும். தெரிந்தும் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு பாரமாக இருக்கிறது என்றிருக்கிறார். வெந்நீர் குடித்துவிட்டுப் பத்து நிமிஷம் சாயுங்கள் என்று அண்ணி சொல்லியிருக்கிறார். பத்தே நிமிஷம்தான். இடது கை வலித்ததும் வண்டி பிடித்துக் கூட்டிவந்துவிட்டார். டோக்கன் கொடுப்பவர், "நடந்துதானே வந்தீங்க? அப்ப உக்காருங்க, கேஸ் டிரபிளா இருக்கும்" என்று நாற்பத்தொன்றாம் நம்பரை நீட்டியிருக்கிறார். அண்ணன் வாயில்லாப் பூச்சி. உட்கார்ந்தார். ஒரு குழந்தை விடாமல் அழுகிறது என்று அதன் அம்மாவைத் தனக்கு முன்னால் போகவும் விட்டிருக்கிறார். இரண்டு மாடிக்கு மேலே இருந்த எனக்கு ஒரு போன் போட்டிருந்தால் நானே நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் ஆஸ்பத்திரியில் என் பெயரைச் சொல்லிச் சலுகை கேட்கக் கூடாது என்று குடும்பத்துக்கே சட்டம் போட்டு வைத்தவள் நான். "பாப்பாவுக்கு வேலை நேரம், தொந்தரவு பண்ணாதே" என்று, என்னை இன்னும் பாப்பா என்றே கூப்பிடும் அண்ணன், அண்ணி எடுத்த போனையும் வாங்கி வைத்துவிட்டாராம்.

என் லேபுக்குள் தள்ளிக்கொண்டு வந்தபோதுதான் அது அண்ணன் என்று பார்த்தேன். ஆனாலும் வேலையை விடவில்லை. இதயத்தின் முன்பக்கத்துப் பெரிய குழாயில் முழு அடைப்பு. பலூன் விரிந்ததும் திரையில் ரத்தம் கடைசி வரை ஓடியதைப் பார்த்து அழுதுவிட்டேன். கதவு நேரம் பத்து இரண்டு, பலூன் நேரம் பதினொன்று ஆறு என்று பதிந்தேன். தொண்ணூறு கதவைத் திறந்து தலையை நீட்டி, "அறுபத்துநாலு! உங்க அண்ணனாமே? பிரமாதம்!" என்று கட்டை விரலைக் காட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வெளியே வந்தேன். அண்ணி கையில் கசங்கிய டோக்கன் சீட்டு. ஒன்பது பத்து என்று அடித்திருந்தது. ஐம்பத்திரண்டு நிமிஷம் அண்ணன் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார். "இது என்கிட்ட இருக்கட்டும் அண்ணி" என்று வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். எதற்காக வாங்கினேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை வேறு யாரும் பார்க்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். ஐம்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டிய இதயத்தின் பம்பு செய்யும் திறன் முப்பத்தைந்துதான் இருந்தது. இனி லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறுகிற வேலை கூடாது என்றார்கள். அண்ணி சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "நான்தான் கெடுத்தேன். வெந்நீர் குடிங்கன்னு உக்கார வச்சேனே, பாவி" என்று புலம்பினார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை, ஒரு வருஷத்துக்கு ஒருநாளும் விடக் கூடாது, பல் பிடுங்கப் போன இடத்தில் நிறுத்தச் சொன்னால்கூட எங்களைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று பொறுமையாகப் பாடம் நடத்தினேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த நாள்தான் அந்த ரவுண்ட்ஸ், அந்தக் கைகூப்பல்.

"சார், அவர் லேட்டா வரல" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

பெரிய டாக்டர் திரும்பினார். "ரிப்போர்ட் பாத்தேனேம்மா. பத்து ரெண்டுக்கு வந்திருக்கார்."

"ஒம்பது பத்துக்கு வந்தார். ஐம்பத்திரண்டு நிமிஷம் நம்ம நாற்காலியில உக்காந்திருந்தார்." சீட்டை எடுத்து நீட்டினேன். "அறுபத்துநாலு இல்ல சார், நூத்திப்பதினாறு. இவர் மட்டும் இல்ல, இப்படி எத்தனையோ பேர்."

டாக்டருக்குப் பின்னால் ஃபைலோடு நின்ற தொண்ணூறுக்கு முகம் வெளுத்தது. "மேடம், நோயாளி முன்னாடி இதெல்லாம் எதுக்கு? இந்த முறையைக் கொண்டு வந்ததே நீங்கதானே?"

"ஆமா, நான்தான். அதுக்கென்ன இப்போ?"

"அப்போ நாலு வருஷ ஃபைலையும் பிரிக்கச் சொல்றீங்களா?"

"பிரிங்க! ஒண்ணு விடாம பிரிங்க. நானே உக்காந்து டோக்கன் ரெக்கார்டைத் தேடித் தரேன். எவ்வளவு பேரை லேட்டா வந்தீங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கோம்னு தெரியட்டும்!"

வார்டே எங்களைத் திரும்பிப் பார்த்தது. டாக்டர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தார். அப்போது அண்ணன் பேசினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை, அன்றும் உயரவில்லை.

"டாக்டர், நான் லேட்டா வந்தேனா?"

"இல்ல. நீங்க நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க."

"என்கிட்ட வேண்டாம். அதோ நிக்கிறாளே, அவகிட்ட சொல்லுங்க. ரெண்டு நாளா தூங்கல, சாப்பிடல."

டாக்டர் அண்ணி பக்கம் திரும்பினார். "உங்க மேல எந்தத் தப்பும் இல்லம்மா. நீங்க சரியாத்தான் கூட்டிட்டு வந்தீங்க. தாமதம் எங்களோடது."

நான் பெருமூச்சு விட்டேன். இனிமேலாவது நிம்மதியாக அழட்டும் என்று நினைத்தேன். ஆனால் அண்ணி அழவில்லை. டாக்டரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"உனக்கு இது எப்போ தெரியும்?"

"அண்ணி..."

"எப்போ தெரியும்னு கேட்டேன்."

"சனிக்கிழமையே."

"சனிக்கிழமையே." அவர் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். "நான் என் புருஷனைக் கொன்னுட்டேன்னு சுவத்துல முட்டிக்கிட்டு அழுதேன். நீ பக்கத்துல உக்காந்து தண்ணி திறந்து குடுத்தே."

இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர் வாசலைக் காட்டி, "வெளிய போ" என்றார். அண்ணனைப் பார்த்தேன். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.