மூன்று ஊர் டயர்கள்

எங்கள் தேவாலயப் பங்கில் உள்ள மூன்று ஊர்களிலும் "முடியாது" என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. கன்றுக்குட்டியை விலைக்குக் கேட்டாலும் சரி, வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னாலும் சரி, பதில் ஒன்றுதான்: "பாக்கலாம்." வெளியூர்க்காரன் அதைச் சம்மதம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவான். அட்ராக்டா வெளியூர்க்காரி இல்லை. மூன்றில் ஒன்றான டூரீனில் பிறந்து, டூரீனிலேயே வாழ்க்கைப்பட்டவள். இந்த ஜனங்களைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தும் இவர்களை நம்பி ஒரு குப்பைத் திட்டம் போட்டாளே, அவளை என்னவென்று சொல்வது.

திட்டம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. டூரீன், கில்ப்ரோனா, காரவ்பெக் மூன்று ஊருக்கும் சேர்த்து, சமூகக்கூடத்தை ஒட்டி ஒரு முற்றம். சனிக்கிழமைதோறும் டிராக்டர் உள்ள ஒரு வீட்டுக்காரர் முறை வைத்து மூன்று ஊரையும் சுற்றி வந்து பாட்டில், இரும்பு, கம்பி, டயர் எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஊரார் தரம் பிரித்து வைத்தால் மாதம் ஒருமுறை லாரி அனுப்புவதாக மாவட்ட அலுவலகத்தில் ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகு யாரும் கொல்லைப்புறத்துப் பீப்பாயில் பிளாஸ்டிக்கைப் போட்டு எரிக்க வேண்டாம், இருட்டியதும் பழைய மெத்தையைக் கொண்டுபோய் ஓடையில் தள்ளவும் வேண்டாம்.

குளிர்காலம் முழுக்கக் கூட்டம் நடந்தது. எல்லோரும் வந்தார்கள், டீ குடித்தார்கள், அட்ராக்டா சுட்ட கேக்கை ருசித்தார்கள், திட்டத்தை ஆகா ஓகோ என்றார்கள். கூடத்தை ஒட்டிய துண்டு நிலம் ஃபிலோமினா என்ற விதவைக்குச் சொந்தம். சும்மா நெருஞ்சி மண்டிக் கிடக்கிற இடம். அதைத் தருவாளா என்று கேட்டபோது, "நல்ல காரியந்தாம்மா, பாக்கலாம்" என்றாள். அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னாள். முதல் சனிக்கிழமை யார் டிராக்டர் எடுப்பது என்று கேட்டால், கடைக்காரர் கோல்மன் போகட்டும், நாங்கள் பின்னாலேயே வருகிறோம் என்றார்கள் மற்றவர்கள். கோல்மனோ, தனக்கு ஆட்சேபனையே இல்லை, ஆனால் தன்னைவிட வயதில் மூத்தவர்கள் இருக்கும்போது தான் முந்துவது அழகில்லை என்றார். முந்திரிக்கொட்டை என்று பெயர் வாங்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனசு வராது. வீடே பற்றி எரிந்தாலும் முதல் வாளித் தண்ணீரை அடுத்தவன் ஊற்றட்டும் என்று மரியாதையாக ஒதுங்கி நிற்பார்கள்.

அட்ராக்டாவின் அவசரம் வேறு. அதை அவள் எந்தக் கூட்டத்திலும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அவள் புருஷன் டோனலுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. ஆயுசு முழுக்கப் பூஞ்சை பிடித்த வைக்கோலை உதறியதில் வந்த வினை. ஆண்டுதோறும் ஜூன் மாதம் அருளப்பர் என்ற புனிதரின் திருநாளுக்கு முந்தின மாலை நாற்சந்தியில் நெருப்பு வளர்ப்பார்கள். நாற்சந்தி அவர்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நெருப்புக்கு ஒவ்வொரு வீடும் ஏதாவது கொடுக்க வேண்டும், கொடுக்காத வீடு விளங்காது என்பார்கள். அந்தக் காலத்தில் விறகு கொடுத்தார்கள். இப்போது சோபாவும் டயரும் கொடுக்கிறார்கள். மாட்டுத் தீவனத்துக்குச் சேர்த்த புல் குவியலை மூடும் கறுப்பு பிளாஸ்டிக் தாள் காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொரு பண்ணையிலும் பழைய டயர்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அதனால் டயருக்கு மட்டும் எங்களிடம் பஞ்சமே வராது.

அன்று மாலை டோனலும் அவளும் நகரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு விருந்து போவதுபோலக் கிளம்பிவிடுவார்கள். போன வருஷம் திரும்பி வந்த பிறகும் புகை அவர்கள் வீடு இருக்கும் பள்ளத்திலேயே படுத்துக் கிடந்தது. மூச்சுத் திணறி டோனலை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. இன்னொரு முறை இப்படி வந்தால் தன் கையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வருஷம் டோனல் எங்கேயும் வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தான். தன் வீட்டை விட்டுத் திருடன்போல இனி ஓட முடியாதாம். தன் நோயைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டான். மாட்டை ஒற்றைக் கையால் மடக்கியவன் என்று பெயர் எடுத்த மனிதன், ஊராருடைய இரக்கத்துக்கு ஆளாக அவனால் முடியவில்லை. நெருப்பை நிறுத்தச் சொல்ல அவளுக்கும் வாய் வராது. ஜூனுக்குள் டயர்கள் லாரியேறிப் போய்விட்டால் வெறும் விறகுப் புகைதானே, கதவைச் சாத்திக்கொண்டு சமாளித்துவிடலாம். அதற்காகத்தான் இத்தனை கூட்டமும் இத்தனை கேக்கும்.

வசந்தத்தில் நடந்த கூட்டத்தில் டயருக்கென்று தனியாக ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று பேச்சு வந்தது. எங்கள் பங்கில் பதவி கொடுப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர் தலையில் கட்டிவிடுவது. வந்தவர்கள் முகத்துக்கு நேரே மறுக்க முடியாதல்லவா, அதனால் வராதவரே எப்போதும் தகுதியானவர். அன்றைக்கு வராதவன் மலாக்கி. ஐம்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி, அவன் பசு கன்று போடுகிற நேரம். ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துக் கைதட்டினார்கள். அட்ராக்டாவுக்கும் மகிழ்ச்சிதான். டயரை எங்கே சேர்ப்பது, எதற்குச் சேர்ப்பது என்று மலாக்கியிடம் விவரமாகச் சொல்லிவிடும்படி கோல்மனிடம் கேட்டுக்கொண்டாள். கோல்மன் தலையாட்டினார். மலாக்கியின் பக்கத்து வீட்டுக்காரி ஃபிலோமினா சொல்வாள் என்று கோல்மன் இருந்துவிட்டார். திட்டத்தின் தலைவி அட்ராக்டா சொல்லாமலா இருப்பாள் என்று ஃபிலோமினா இருந்துவிட்டாள். கடைசியில் மலாக்கியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது இவ்வளவுதான்: டயர் உன் பொறுப்பு.

மலாக்கிக்கு அதுவரை கோவிலில் காணிக்கைப் பை பிடிக்கிற வேலையைக்கூட யாரும் கொடுத்ததில்லை. அவன் மாறிப்போனான். காலையில் தலைசீவி, நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு டிராக்டரில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவான். வீடுவீடாகப் போய், அனுமதிகூடக் கேட்காமல் டயர்களை ஏற்றினான். கேட்டால்தானே "பாக்கலாம்" என்பார்கள். டிராக்டர் சத்தம் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் அட்ராக்டாவுக்கு நெஞ்சு நிறைந்தது. மூன்று ஊரிலும் ஒரே ஒரு மனுஷனாவது சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறானே என்று டோனலிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். மலாக்கியின் கொட்டகைக்குப் பின்னால் டயர்கள் லாரிக்காகக் காத்திருப்பதாக அவளுக்கு நினைப்பு. வேலை நடக்கும்போது வாய் கொடுத்துக் கெடுத்துவிடக் கூடாது என்று போய்ப் பார்க்கவில்லை.

அருளப்பர் திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் கடைக்குப் போகிற வழியில் நாற்சந்தியில் நின்றாள், இத்தனை நாளும் வெறும் விறகு என்று கவனிக்காமலே தாண்டிப் போனவள். கூரை உயரத்துக்குக் குவியல் எழும்பியிருந்தது. மேலே முள்மரக் கிளைகள், இரண்டு சோபா, ஒரு பழைய கதவு. கிளையை விலக்கிப் பார்த்தாள். உள்ளே டயர். அதற்குள்ளே டயர். சுவர் எழுப்புகிற கொத்தனார்போல ஒவ்வொன்றையும் ஒன்றோடொன்று பூட்டி அழகாக அடுக்கியிருந்தது. கண்ணெதிரே இருந்த ஒன்றில் வெள்ளைச் சாயத்தில் டோனல் தன் கையால் போட்ட குறி தெரிந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்று கேள்விப்பட்டிருக்கிறோம், இங்கே பூதம் அவள் வீட்டுக் கொல்லையிலிருந்தே வந்திருந்தது.

குவியலுக்குப் பின்னாலிருந்து மலாக்கி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"மூணு ஊர்லயும் ஒரு டயர் மிச்சமில்ல, அட்ராக்டா. கணக்குப் போட்டா நாலு நாளு நின்னு எரியும். எங்கப்பன் காலத்துலகூட இப்படி ஒரு நெருப்பு இல்ல."

"இதையெல்லாம் இங்க கொண்டாரச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. டயர் உன் பொறுப்புன்னாங்க. வருஷா வருஷம் நெருப்பு அடுக்குறது நான்தானே. அப்ப டயர் வேற எதுக்கு?"

அவன் மேல் கோபப்படக்கூட அவளுக்கு வழியில்லை. அதுதான் ஆத்திரத்தை அதிகமாக்கியது. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் அவன்தான். அதற்குள் சோடா பெட்டிகளோடு கோல்மன் வந்தார், ஃபிலோமினா வந்தாள், கில்ப்ரோனாவிலிருந்தும் காரவ்பெக்கிலிருந்தும் இளவட்டங்கள் வந்தார்கள். டயரையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்றாள் அட்ராக்டா. இந்த ஒரு வருஷம் போகட்டுமே என்றார் கோல்மன். காற்று சதுப்பு நிலத்துப் பக்கம்தான் அடிக்கும் என்றாள் ஃபிலோமினா. யாரோ பின்னாலிருந்து மெதுவாக, பாக்கலாம் என்றார்கள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ அறுந்தது. கொடுத்த சத்தியம் போகிற இடத்துக்குப் போகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"என் புருஷனால மூச்சு விட முடியாது. போன வருஷப் புகையில செத்துப் பொழைச்சாரு. இதைக் கொளுத்துனா காலையில அவருக்குச் சவப்பெட்டி பாக்கணும். அதையும் பாக்கலாம்னு சொல்லுவீங்களா?"

யாரும் ஆச்சரியப்படவில்லை. அதைத்தான் அவளால் புரிந்துகொள்ள முடியவில்லை. ஃபிலோமினா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தெரியும்மா. நெருப்பு அன்னிக்கு வருஷா வருஷம் உங்க கார் போறதப் பாக்குறோமே. நீங்க வாயத் திறக்கல. நீங்களே சொல்லாதத நாங்க எப்படிக் கேக்குறது?"

"தெரிஞ்சுக்கிட்டேதான் கொளுத்துனீங்களா?"

"டோனல் மனசு கஷ்டப்படுமேன்னுதான்," என்றார் கோல்மன்.

"மூச்சு நின்னா கஷ்டப்படாதா, கோல்மன்?"

இத்தனை வருஷமும் இங்கிதம் பார்த்திருக்கிறார்கள். ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதைப் பார்த்தும் பார்க்காததுபோல, நாகரிகமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு, அவன் தலைக்கு மேலேயே புகையை ஏற்றியிருக்கிறார்கள். அவளுக்கு இருந்த கோபத்தில் ஒவ்வொருவர் கன்னத்திலும் ஓர் அறை விட்டிருப்பாள். ஆனால் ஒளித்து ஒளித்துக் காரைக் கிளப்பியது யார்? அதை நினைத்தபோது தன் மேலும் கோபம் வந்தது.

மலாக்கி குவியல் மேல் ஏறினான். முதல் கிளையை இழுத்துக் கீழே போட்டான். சோபாவை உருட்டினான். பல வாரம் பாடுபட்டு அடுக்கியதைத் தன் கையாலேயே கலைத்தான், முகத்தில் ஒரு வருத்தமும் காட்டவில்லை. அதைப் பார்த்த பிறகு கோல்மன் கோட்டைக் கழற்றினார். மற்றவர்களும் கை கொடுத்தார்கள். முதல் டிரெய்லர் நிறைந்ததும் மலாக்கி கேட்டான், எங்கே கொண்டு போவது என்று.

எல்லோரும் ஃபிலோமினாவைப் பார்த்தார்கள். ஃபிலோமினா வேலிச்செடியைப் பார்த்தாள். நெருஞ்சி மண்டிய அந்தத் துண்டு நிலத்தை அவள் தரப்போவதில்லை என்று ஊருக்கே தெரியும், அட்ராக்டாவுக்கும் முதல் கூட்டத்திலேயே தெரியும்.

"எங்க வீட்டு வாசல்ல கொட்டு," என்றாள் அட்ராக்டா.

இதைவிட நல்ல இடம் அமையாது என்று உடனே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சாலையோரம், லாரி திரும்ப வசதி, யாருக்கும் தொந்தரவு இல்லை. குளிர்காலம் பூராவும் வராத ஒற்றுமை ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது. அட்ராக்டாவுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் அவர்கள் வீட்டு முன்னால் கறுப்பாக ஒரு குன்று எழுந்தது. டோனல் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு நடைக்கும் வந்தவர்கள் தொப்பியைத் தூக்கி, நெஞ்சு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். பரவாயில்லை என்று அவனும் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் முகம் இறுகிக்கொண்டே போனது. ஃபிலோமினா ரொட்டி கொடுத்தனுப்பினாள். இந்த உபசாரத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. கடைசி டிராக்டர் போன பிறகு நாற்சந்தியில் விறகை மட்டும் கொளுத்தினார்கள், புகை மெல்லியதாக எழுந்து சதுப்பு நிலத்துப் பக்கம் போயிற்று.

டோனல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"சத்தியம் பண்ணுனே."

"பண்ணுனேன்."

"ஊரு பூரா பரப்பிட்டே. இனி கோவிலுக்குப் போனா கேப்பாங்க, கடைக்குப் போனா கேப்பாங்க. ஆளாளுக்கு வந்து நெஞ்சு எப்படி, மூச்சு எப்படின்னு கேட்டே என்னைச் சாகடிப்பாங்க."

அட்ராக்டா அடுப்பில் கெட்டிலை வைத்தாள்.

"கேக்கட்டும், டோனல். பதில் சொல்ல நீ இருக்கணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அவன் மூச்சு வந்தது, போயிற்று, மறுபடி வந்தது.