எட்டு மணியின் காதில் ஒரு குரல்

எங்கள் தொலைக்காட்சியில் அவருக்கு ‘எட்டு மணி’ என்றுதான் பேர். தினமும் இரவு எட்டு மணிக்கு யாரையாவது எதிரில் உட்கார வைத்துக் கேள்வியால் துளைத்தெடுப்பார். மந்திரிகளுக்கே வியர்த்துக் கொட்டும். வேலை முடிந்து நான் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்குள் மாமியார் ஆரம்பித்துவிடுவார். எட்டு மணியின் மூளையில் கால்வாசி இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேனாம்.

அந்தக் கேள்விகளை எழுதியதே நான்தான். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அறையில் உட்கார்ந்து, பட்டனை அழுத்தி, அவர் காதில் மாட்டியிருக்கும் இயர்பீஸில் ஒவ்வொன்றாக ஓதுவேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, புருவத்தைத் தூக்கி, இரண்டு நொடி கழித்து நாட்டைக் காப்பாற்றுவார். பன்னிரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒரே ஒரு தடவை வீட்டில் உண்மையைச் சொன்னேன். மாமியார் சிரித்துவிட்டு டீ கேட்டார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் எட்டு மணி நாடாளுமன்றத் தேர்தலில் குதித்தார். ‘கேள்வி கேட்டவர் வருகிறார்’ என்று ஊரெல்லாம் சுவரொட்டி. கேள்வி கேட்டவராம்! பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு சுவராகப் பார்த்துப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி பழகியவர். என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்னை முதலில் கிளப்பி வீட்டுக்கு அனுப்புகிறவர். முழுசாகத் திட்டவும் மனசு வரவில்லை.

அவர் இடத்துக்கு வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்த பெண்ணைப் போட்டார்கள். சின்னவள் என்று கூப்பிடுவோம். வந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில் அவளிடம் வேட்பாளர் எட்டு மணியையே பேட்டி எடுக்கச் சொன்னார்கள். சொதப்பினால் மறுபடியும் மழைக்கும் வெயிலுக்கும் போகவேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். மேக்கப் அறையில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, விட்டுவிடாதீங்க அக்கா என்றாள்.

எட்டு மணி வந்தார். பழக்க தோஷத்தில் நேரே போய்த் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். எழுப்பி விருந்தாளி நாற்காலிக்கு மாற்றினோம். ஒலிக்காரருக்கும் அதே தோஷம். மைக்கைக் குத்திய கையோடு அவர் காதில் இயர்பீஸையும் மாட்டிவிட்டார். யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அது இல்லாமல் அந்த நாற்காலிகள் பக்கம் அவரை நாங்கள் பார்த்ததே கிடையாது.

பேட்டி தொடங்கியது. வேலையில்லாத பிள்ளைகளைப் பற்றிக் கேள் என்று சின்னவள் காதில் ஓதினேன். அவள் வாயைத் திறக்கும் முன்பே எட்டு மணி தலையாட்டினார். பதில் தண்ணீர்பட்ட பாடாக வந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது கேள்விக்கு, அவள் கேட்டு முடிப்பதற்குள் அவர் பதிலை ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் அவர் காதுக்குப் பின்னால் ஓடிய வயரைப் பார்த்தேன். நான் ஓதியது இரண்டு பேர் காதுக்கும் போய்க்கொண்டிருந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது. காது மடல் சிவந்திருந்தது. ஆனால் கழற்றவில்லை.

ஒலிக்காரரிடம் சொல்லி அவர் இணைப்பைத் துண்டித்திருக்கலாம். எனக்கிருந்த கோபத்தில் பட்டனைத்தான் அழுத்தினேன்.

“அண்ணே, நான் பேசறது உங்களுக்குக் கேக்குதுன்னு தெரியும். இனிமே ரெண்டு பேருக்கும் நான் பேசமாட்டேன். நீங்களாச்சு, அவளாச்சு.”

விரலை எடுத்தேன். சின்னவள் திக்கென்று கண்ணாடியைப் பார்த்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் மேலாளர் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நேரலையில் ஐந்து நொடி மௌனம் என்பது ஒரு யுகம். அது முடிந்ததும் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“இந்த நாற்காலியில உக்காந்து பன்னெண்டு வருஷம் கேள்வி கேட்டீங்க சார். அதுல நீங்களே யோசிச்சுக் கேட்டது ஒண்ணு சொல்லுங்க.”

அதை நான் எழுதவில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

எட்டு மணி வழக்கம்போல் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காத்திருந்தார். காதில் ஒன்றும் வரவில்லை. மெதுவாக இயர்பீஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“ஒண்ணுகூட இல்லம்மா. எல்லாம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற பொண்ணு எழுதினது. இன்னைக்கும் அவ உனக்குச் சொன்னதை ஒட்டுக்கேட்டுத்தான் பதில் சொன்னேன். தப்புதான்.”

நான் அழுதேன். வெட்கத்தைவிட்டு அழுதேன். ஒலிக்காரர் மைக் துடைக்கிற துணியை நீட்டினார்.

மறுநாள் காலை மாமியார் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நடக்காத அதிசயம். அந்தப் பெண் நீதானா என்று கேட்டார். தலையாட்டினேன். தெருவே இரண்டாகக் கிடக்கிறதாம். பாதிப் பேர் அவரை ஏமாற்றுக்காரர் என்கிறார்களாம். மீதிப் பேர், தப்பு என்று ஒப்புக்கொண்ட ஒரே வேட்பாளர் அவர்தான் என்கிறார்களாம்.

“நீ சொல்லு. அவருக்கு ஓட்டுப் போடலாமா?”

இந்த வீட்டில் என்னிடம் அபிப்பிராயம் கேட்கப்படுவது அதுதான் முதல் தடவை. பெருமையாக வாயைத் திறந்தேன். உள்ளே கேள்விகள்தான் வரிசைகட்டி நின்றன.

“தெரியலை அத்தை.”



“உனக்கும் கேக்க மட்டும்தான் தெரியுமா?” என்றபடி மாமியார் டீயை என் பக்கம் தள்ளினார்.