பாலைவன வீதியில் ஒரு பேருரை

வெலிங்டன் தமிழர்களின் ஆண்டு விழாவுக்குச் சிறப்புப் பேச்சாளராக அழைப்பு வந்த நாளிலிருந்து, ஆக்லாந்து மவுண்ட் ரோஸ்கில் சபாரத்தினம் தொண்டையில் மப்ளர் சுற்றிக்கொண்டுதான் உறங்கினார். முதலில் அழைக்கப்பட்டவருக்குப் பல்வலி என்பதை அவர் வெளியே சொல்லவில்லை.

ஆக்லாந்தில் அவர் மைக்கைப் பிடித்தால், ஆண்கள் காரில் லைட்டை அணைத்தோமா என்று பார்க்கப் போவார்கள். பெண்கள் ரோல்ஸ் சூடாக்கப் போவார்கள். எஞ்சுவது மனைவி யோகராணி மட்டும். அவரும் பின்னல் ஊசியோடு. ஒரே ஒரு தடவையாவது ஒரு சபை எழுந்து போகாமல் தன்னைக் கேட்க வேண்டும். சபாரத்தினத்துக்கு வேறு ஆசை இல்லை.

எண்பதுகளின் கடைசியில், நியூசிலாந்தின் குளிர்காலமான ஜூலையில் ஒரு சனிக்கிழமை, விடியலிலேயே கணவனும் மனைவியும் வெலிங்டனுக்குப் பஸ் ஏறினார்கள். மாலையில் விழா. பக்கத்து இருக்கையில் மவுண்ட் ஆல்பர்ட்டில் வசிக்கும் மலேசியத் தமிழர் ராமநாதன். தமிழ் காதில் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வணக்கம் சார். உங்ககூடக் கொஞ்சம் பேசலாமா?"

சபாரத்தினம் விறைத்துப்போனார். "நான் என்ன பிழை விட்டனான், நீர் என்னைப் பேச? முன்பின் தெரியாத ஆளோடை மரியாதையாய்க் கதையும்."

ராமநாதன் மிரண்டுபோய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு மாடுகளைத்தான் பார்த்தார்.

மலைப்பகுதிக்கு வந்ததும் பஸ் நின்றது. 'டெசர்ட் ரோட்' என்னும் பாலைவன வீதியைப் பனி மூடிவிட்டது. வந்த வழியும் அடைபட்டுவிட்டதாம்.

"பாலைவனம் எண்டு பேரை வச்சிட்டு ஐஸைக் கொட்டுது. எங்கட சங்கம் மாதிரித்தான்" என்றார் யோகராணி.

பஸ், கார், லாரி என்று வழியில் சிக்கிய எல்லோரையும் பக்கத்திலிருந்த சின்ன ஊரின் மண்டபத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மண்டபத்துக்குப் பொறுப்பான மேவிஸ் என்ற பருத்த பெண்மணி, யார் எவர் என்று கேட்காமல் ஆளுக்கொரு போர்வையும் பூசணி சூப்பும் கொடுத்து, எல்லோரையும் அதட்டி உட்கார வைத்தார். ஹீட்டரைச் சுற்றிக் காலுறைகள் காய்ந்தன. காலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் இப்போது ஒரே பிஸ்கட் டின்னுக்குள் கைவிட்டார்கள். யோகராணி பொதியை அவிழ்த்து இடியப்பமும் சம்பலும் பரிமாறினார். சம்பலை வாய் நிறைய அள்ளிப்போட்ட ஒரு லாரி டிரைவர் வெளியே ஓடி, நாக்கில் பனியை அப்பிக்கொண்டு திரும்பிவந்து, இன்னும் கொஞ்சம் கேட்டார்.

ராமநாதனுக்கு இடியப்பம் வைக்கும்போது யோகராணி சொன்னார்: "தம்பி, குறை நினையாதேங்கோ. எங்களுக்குப் பேசுறது எண்டா ஏசுறது. நீங்கள் ஏசப்போறியள் எண்டு நினைச்சிட்டார்."

"அய்யோ அக்கா! அவர் கதைக்கச் சொன்னதும் நான்தான் பயந்துட்டேன். எங்களுக்குக் கதைன்னா, சும்மா கதை விடுறதுலா!"

"அப்ப உங்களுக்குத்தான் இவரைச் சரியாய் விளங்கியிருக்கு."

சபாரத்தினம் சிரிக்கவில்லை. அவர் போனடியில் வரிசையில் நின்றார். பொழுது சாயும்போதுதான் வெலிங்டனுக்கு லைன் கிடைத்தது.

"நாளைக்கு எப்பிடியும் வந்திடுவன். விழாவை ஒருநாள் தள்ளிவையுங்கோ."

மறுமுனையில் ஒரே ஆரவாரம். "தள்ளி வைக்கிறதோ? ஐயா வரேல்லை எண்டு அறிவிச்சம். சனம் நேரே சாப்பாட்டுக்குப் போயிட்டுது. எல்லாருக்கும் நல்ல சந்தோசம். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னவை."

சபாரத்தினம் மூலையில் போய் உட்கார்ந்து மப்ளரைக் கழற்றினார். யோகராணி சூப் கோப்பையை அவர் கையில் வைத்தார்.

அந்த நேரத்தில் மேவிஸ், ஹவுசி விளையாடலாம் என்று அட்டைகளைக் கொடுக்கத் தொடங்கினார். பையிலிருந்து எண் எழுதிய உருண்டையை எடுத்து அந்த எண்ணைக் கூப்பிட வேண்டும். எல்லோரும் தங்கள் அட்டையில் அதை அடிக்க வேண்டும். முதலில் எல்லா எண்களையும் அடித்து முடிப்பவர் 'ஹவுசி!' என்று கத்தினால் பரிசு. ஆனால் நாள் முழுக்க அதட்டியதில் மேவிஸின் தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.

ராமநாதன் துள்ளி எழுந்தார். "பேசுங்க சார்! எந்த அர்த்தத்துல வேணும்னாலும் பேசுங்க!"

சபாரத்தினம் மேடை ஏறினார். "தேர்ட்டி வன்!"

தகரக் கூரை அதிர்ந்தது. பழக்கதோஷம், வாய் நிற்கவில்லை. "கடல் கடந்து வந்தோம்! கன்னித் தமிழைக் கைவிட்டோமில்லை!"

ஒரு தும்மல்கூட இல்லை. அடுத்த எண் எப்போது விழுமோ என்று அத்தனை கண்களும் அவர் வாயிலேயே இருந்தன. காரைப் பார்க்க ஒருவரும் போகவில்லை. கார்கள் பனிக்குள் இருந்தன.

அவருக்கு விளங்கிவிட்டது. உருண்டையைக் கைக்குள் பொத்திப் பிடித்தார். முதலில் தமிழ், பிறகுதான் எண். "கோ ஆன், மேட்!" என்று லாரி டிரைவர் கெஞ்சினார். சபாரத்தினம் அவசரப்படவில்லை. கெஞ்சக் கெஞ்சக் குரல் ஏறியது, இறங்கியது, குழைந்தது. மவுண்ட் ரோஸ்கில்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பிரமாதமான பேச்சு அது.

கடைசியில் லாரி டிரைவர் "ஹவுசி!" என்று அலறி, பரிசான ஆட்டுத் தொடையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மேவிஸ் விசிலடித்தார். அதற்குத் தொண்டை தேவையில்லை.

வியர்த்துப்போய் இறங்கிவந்த சபாரத்தினம் மனைவியின் அட்டையைப் பார்த்தார். பின்னல் ஊசி பைக்குள் கிடந்தது.

"என்னப்பா, உமக்கெல்லே முதல் வந்திருக்கு! எல்லாம் அடிச்சு முடிச்சிருக்கிறீர். ஏன் கத்தேல்லை?"

"நீங்கள் கதைச்சுக்கொண்டிருக்க, இடையில எப்பிடிக் கத்துறது?" என்றார் யோகராணி.